கழட்டிப் பார்த்த மனுஷன்: ஜி.டி. நாயுடு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனவங்க, லைன்ல இருந்து கார்கள் வரிசையா இறங்குறதைப் பார்த்திருப்பீங்க. அதே கார்ல கிளட்ச்சை முழுசா மிதிச்சும் முதல் கியர் விழாம 'கரகர'ன்னு சத்தம் வந்தா, முதல்ல எங்க கை வைப்பீங்க? யோசிச்சுக்கிட்டே இவரோட கதையைப் படிங்க.

1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவே இல்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும், அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சே ஆகணும்னு ஆசை. கோவையில் ஓட்டல் சர்வரா வேலை பார்த்து, காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதை அக்கக்கா கழட்டினார், திரும்ப மாட்டினார். அதுதான் அவருக்கு காலேஜ்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோட பொள்ளாச்சி–பழனி வழியில் தொழில் தொடங்கினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸா வளர்ந்தது. பஸ் வழியில நின்னா அன்னிக்கு வசூல் போச்சு; கோளாறைச் சீக்கிரம் கண்டுபிடிச்சே ஆகணும். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து மின் மோட்டாரும் தயாரிச்சார்.

இப்ப நம்ம கிளட்ச்சுக்கு வருவோம். பெடலை மிதிச்சும் பிளேட் ஃப்ளைவீலை விட்டு முழுசா பிரியலை. அதனால கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சுத்திக்கிட்டே இருக்கு. உடனே கியர்பாக்ஸை இறக்காதீங்க. ஹைட்ராலிக் கிளட்ச்னா ஆயில் அளவு, சிலிண்டர்ல கசிவு ரெண்டையும் பாருங்க. ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினா கியர் விழுதா? அப்ப லைன்ல காற்று இருக்கலாம், சிலிண்டர் சீல் போயிருக்கலாம். கேபிள்னா, தளர்ந்திருக்கான்னு பாருங்க. இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் உள்ளே போங்க: ரிலீஸ் பேரிங், வளைஞ்ச பிளேட், துருப்பிடிச்ச ஸ்ப்ளைன். ஒரு பாகம் என்ன வேலை செய்யுதுன்னு கழட்டிப் பார்த்தவனுக்கு இந்த வரிசை தானா வரும்.

1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி உருவாகக் காரணமா இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். செய்முறையா கத்துக்கொடுத்தா இந்தப் படிப்புக்கு நாலு வருஷம் தேவையில்லைன்னு வாதாடினார். அரசு ஏற்கலை; விலகிட்டார். 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

நாம அந்த நாலு வருஷத்துக்குள்ளதான் இருக்கோம். லேப்ல கிளட்ச் அசெம்ப்ளி தூசி படிஞ்சு கிடக்கும். ரெக்கார்ட் நோட்டுக்குப் படம் வரையறதுக்கு முன்னாடி, சாரிடம் கேட்டு ஒரு தடவை கழட்டி மாட்டுங்க. அவர் வாதம் சரியா தப்பான்னு உங்க கையே சொல்லும்!