ஆற்றை முழுதாய்க் கண்டவர்

பழுது தெரிந்த இடத்திலேயே கை வைப்பது மனித இயல்பு. தலை வலித்தால் தலைக்குத் தைலம். ஊருக்குள் வெள்ளம் புகுந்தால் ஊருக்குச் சுவர். ஆனால் தலைவலியின் வேர் கண்ணில் இருக்கலாம். வெள்ளத்தின் வேர் பல கல் தொலைவில் இருக்கலாம். உறுப்புகளைத் தனித்தனியே பாராமல், அவற்றின் உறவுகளோடு அமைப்பு முழுவதையும் நோக்க வேண்டும் என்பது ஓர் அறிவியற் கொள்கை. ஆஸ்திரிய நாட்டில் பிறந்த உயிரியல் அறிஞர் பெர்ட்டலன்ஃபி அதனைப் பெருநூலாக வெளியிட்டது 1968இல். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த ஓர் இந்தியப் பொறியாளர், தம் வாழ்நாள் முழுவதும் அக்கொள்கையைச் செயலில் காட்டினார். அவரே மோட்சகுண்டம் விசுவேசுவரையா.

ஐதராபாத்தில் பயிலும் தமிழ் மாணவர்கள் அவரை அறிய வேண்டியதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, நாம் வாழும் இந்நகரம். மற்றொன்று, நம் காவிரி.

சிக்கபள்ளாப்பூர் அருகே முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் 1861 செப்டம்பர் 15இல் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கல்லூரியில் பயின்று 1881இல் பட்டம் பெற்றார். பின்னர் பூனாவில் பொறியியல் கற்று, 1883இல் தேர்வில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளரானார்.

பூனா நகருக்கு நீர் தந்த கடக்வாசலா ஏரியில் மழைக்காலத்தில் மிகுநீர் கலிங்கு வழியே வீணாகப் போயிற்று. கரையை உயர்த்தினால் செலவு மிகும்; பழைய அணைக்கு ஆபத்தும் உண்டு. அவர் அணையைத் தொடவில்லை. கலிங்கின்மேல் தானியங்கிக் கதவுகளை அமைத்தார். நீர் குறித்த மட்டத்தைத் தொட்டதும் அவை தாமே திறக்கும். மட்டம் தாழ்ந்ததும் தாமே மூடும். இவ்வாறு ஏரியில் மேலும் 8 அடி நீர் நின்றது. காவலாள் ஓடிவந்து திறக்கும் வரை வெள்ளம் காத்திருக்காதல்லவா? நீரின் நிலையே நீரை ஆளும்படி செய்தார். தன் விளைவைக் கண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் அமைப்பு என்று நாம் வகுப்பறையில் படிப்பது, 1903இல் இரும்பாக நின்றது.

அதற்கு முன்பே, 1899இல், தக்காணக் கால்வாய்ப் பாசனத்துக்கு ஒரு புதுமுறை வகுத்திருந்தார். உழவர்கள் ஆங்காங்கே சிதறிய வயல்களில் கரும்பு பயிரிட்டனர். நெடுந்தூரம் ஓடிய நீர் வழியிலேயே ஊறிப் போயிற்று. சில நிலங்கள் நீர் தேங்கிக் கெட்டன. அவர் நிலங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, கரும்பு, நெல், குறைநீர்ப் பயிர் ஆகியவற்றை ஆண்டுதோறும் மாற்றிப் பயிரிடச் சொன்னார். முதலில் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் அதே நீர் மிகுதியான ஊர்களுக்கு எட்டும் வழி இதுவே என்று அவர் உழவர்களிடம் எடுத்துக் கூறினார்.

1908 செப்டம்பர் 28இல் மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத்தைச் சூறையாடியது. மாண்டவர் பல்லாயிரவர். அடுத்த ஆண்டு நிஜாம் அரசு விசுவேசுவரையாவை அழைத்தது. அழிந்த நகரைப் பார்த்து நகரிலேயே நின்றுவிடவில்லை அவர். ஆற்றின் மேற்புறம் போய் ஆராய்ந்தார். ஆற்றுக்கு நீர் வரும் நிலப்பரப்பில் எழுநூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் இருந்தன; அவற்றுள் இருநூற்றுக்கு மேற்பட்டவை உடைந்திருந்தன. ஓர் ஏரியின் உடைப்பு அடுத்த ஏரியை உடைக்க, மழையோடு ஏரிநீரும் சேர்ந்து நகரின்மேல் பாய்ந்திருந்தது. ஆகவே நகருக்கு மேலேயே, மூசியிலும் அதன் துணையாறாகிய ஈசியிலும், வெள்ளத்தைத் தாங்கும் நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்றார். உஸ்மான் சாகர் 1920இலும், இமாயத் சாகர் 1927இலும் நிறைவுற்றன. வெள்ளத்தைத் தடுக்க எழுந்தவை நகருக்குக் குடிநீரும் தந்தன. 2020 அக்டோபர் மழையில் இந்நகரின் பல பகுதிகள் மீண்டும் மூழ்கின. ஏரிகளும் ஓடைகளும் வீட்டுமனைகளானது அதற்கொரு காரணம். மருத்துவர் சொன்னதைப் பாதியில் மறந்த நோயாளியின் கதை அது!

1909இல் அவர் மைசூர்த் தலைமைப் பொறியாளரானார். 1912 முதல் 1918 வரை திவானாக விளங்கினார். வங்கி, பல்கலைக்கழகம், பத்ராவதி இரும்பாலை எனப் பல பணிகள் அக்காலத்தில் வித்திடப்பட்டன. எல்லாவற்றினும் பெரியது கண்ணம்பாடியில் 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணை. சிவசமுத்திரம் மின் நிலையத்துக்குக் கோடையிலும் நீர் வேண்டும். மண்டியா வறண்ட நிலத்துக்குப் பாசனம் வேண்டும். ஒரே அணை இரண்டையும் தந்தது.

ஆனால் இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். காவிரி மைசூர் எல்லையோடு முடிவதில்லை. சென்னை மாகாணம் 11 டி.எம்.சி. தேக்கத்துக்கே இசைந்தது, மைசூரோ பெரிய அணைக்குரிய அடித்தளத்தையே இட்டது. வழக்கு 1913இல் நடுவரிடம் சென்றது. முடிவு மைசூருக்குச் சார்பாக வர, சென்னை மேல்முறையிட்டது. 1924இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. மேலே கிருஷ்ணராஜ சாகரும், கீழே 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் அதன்படி எழுந்தன. பூசல் அத்துடன் ஓயவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

விசுவேசுவரையாவைக் குறை கூறுவது எளிது. மைசூரின் உப்பைத் தின்றவர் மைசூருக்கு உழைத்தார். சென்னைப் பொறியாளர்களும் தஞ்சை வயலிலிருந்தே கணக்கைத் தொடங்கினர். மூசியின் முழுமையை அவரால் காண முடிந்தது, அது ஓர் அரசின் ஆறு என்பதால். காவிரியில் ஓர் எல்லைக்கோடு குறுக்கே நின்றது. கோட்டுக்கு வெளியே விடப்பட்டவரும் ஆற்றுக்குள்ளேயே இருந்தனர் என்பதைப் பின்வந்த நூறாண்டு காட்டிற்று. எந்த அமைப்புக்கும் எல்லை வகுப்பவர் மனிதரே. எவரை உள்ளே சேர்ப்பது என்பது கணக்கு மட்டுமன்று, அறமும் ஆகும்.

இந்தப் பாடம் அணை கட்டுவோர்க்கு மட்டும் உரியதா? விடுதியில் இரவு உணவு வரிசை நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிமாறுபவரை நொந்து பயனில்லை. எல்லா ஆய்வுக்கூட வகுப்புகளும் ஒரே நேரத்தில் முடிவதே காரணமாக இருக்கலாம். உணவு நேரத்தை ஒரு மணி நீட்டினால் வரிசை குறையும். ஆனால் பாத்திரம் துலக்கும் அம்மா வீட்டுக்குப் போகும் கடைசிப் பேருந்து என்னாகும்? அவரையும் நம் கணக்கில் சேர்த்தோமா?

1955இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1962 ஏப்ரலில் நூறு வயதில் மறைந்தார். அவர் பிறந்த நாளைப் பொறியாளர் நாளாக நாடு கொண்டாடுகிறது. பழுதின் வேரைத் தேடி மேல்நோக்கி நடந்த அவர் கால்களை நாம் பின்பற்றுவோம். அதே அக்கறையோடு கீழ்நோக்கியும் நடந்து, நம் தீர்வு யார் வயலை வறளச் செய்கிறது என்று பார்த்து வருவோம்.