ஆனந்தக் கூத்தின் பொருள் விரித்த ஆனந்த குமாரசுவாமி

திருச்சிற்றம்பலம்

கிழக்கே வங்கக் கடலும், மேற்கே கொசத்தலையாற்றுக் கழியும் பக்கிங்காம் கால்வாயும், வடக்கே பழவேற்காட்டு ஏரியும் சூழக் கிடப்பது காட்டுப்பள்ளி. இவ்வூர்த் திருக்கோயிற் குடமுழுக்கு விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு திருப்பணிக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். திருப்பணிக்குப் பொன்னும் பொருளும் ஈந்தோர் பலர். பொருள் இல்லாதோர் கல்லும் மணலும் சுமந்தனர். இவ்விரு திறத்தாரும் தம்முள் வினவிக்கொண்ட வினா ஒன்று அடியேன் செவியில் விழுந்தது. கோயிலுக்கு அழகாவது யாது? விமானத்திற் பூசும் வண்ணமா, தரையிற் பதிக்கும் பளபளப்பான ஓடா, வேறு ஏதேனுமா என்பதே அது. எளிதிற் கேட்கத்தக்க வினா. எளிதில் விடை கூறத்தக்கதன்று. இதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழ்க்குடிப் பேரறிஞர் ஒருவர் உளர். அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே தக்க மறுமொழியாகும் எனக் கருதுகின்றேன்.

ஆனந்த குமாரசுவாமி 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள் கொழும்பு நகரில் தோன்றினார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட சைவக்குடியினர்; இலங்கைச் சட்டசபையில் அமர்ந்து தொண்டாற்றியவர்; கிறித்தவரும் யூதரும் அல்லாதார்க்கு அடைத்திருந்த இங்கிலாந்து வழக்கறிஞர் மன்றத்தின் கதவினை 1863-இல் முதன்முதலாகத் திறப்பித்தவர்; அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். தாயார் எலிசபெத் பீபி அம்மையார் ஆங்கில மாது. மகனுக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே, 1879-இல், தந்தையார் மறைந்தார். குழந்தை தாயின் நாட்டிலேயே வளர்ந்தது. தமிழைத் தாய்மொழியாகப் பயிலும் பேறும், தந்தையின் கைப்பற்றித் திருக்கோயிலை வலம்வரும் பேறும் அவருக்கு வாய்க்கவில்லை. இழந்த அவ்விரண்டையும் தேடிய தேட்டமே அவர் வாழ்க்கை என்று கூறினும் மிகையாகாது.

அவர் முதலிற் பயின்றது கலையன்று, கல்லியல். இலண்டன் பல்கலைக்கழகத்தில் நிலநூலும் தாவரநூலும் கற்று 1900-இற் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக அமர்ந்தார். தோரியனைட்டு என்னும் அரிய கனிப்பொருளை உலகுக்கு முதன்முதல் எடுத்துக்காட்டிய பெருமை அவருக்குரியது. கற்களைத் தேடிக் கண்டி நாட்டுச் சிற்றூர்களில் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் திரிந்தபோது, கல்லினும் அரியதொன்று அவர் கண்ணிற் பட்டது. வழிவழியாக வந்த தச்சரும், தட்டாரும், நெய்வோரும், ஓவியரும் தத்தம் தொழிலைக் கைவிட்டுக் கொண்டிருந்தனர். ஆலைப் பண்டம் மலிவாய்க் கப்பலில் வந்திறங்கியது ஒரு காரணம். ஊர்ப் பெரியோர் தம் நாட்டுக் கைவினையை நாணி, அயல்நாட்டுப் பொருளையே மதிப்பாகக் கொண்டது அதனினும் பெரிய காரணம். கலை அழிவது கலைஞன் கையிலன்று, கலையைப் புரப்போன் கருத்திலேயே என்னும் உண்மையை அவர் அன்றே கண்டுகொண்டார். ஈகைப் பெருமக்கள் நெஞ்சிற் கொள்ளத்தக்கது இது.

கண்ட உண்மையை நூலாக்கினார். இடைக்காலச் சிங்களக் கலை என்னும் அப்பெருநூல் 1908-இல் வெளிவந்தது. கைத்தொழிலின் உயர்வைப் பேசும் நூலை எந்திரப் பொறியில் அச்சிடுதல் முறையன்று எனக் கருதி, இங்கிலாந்தில் தம் இல்லத்திலேயே கையச்சுப் பொறியில் 425 படிகளே அச்சிடுவித்தார். சொல்லும் செயலும் ஒத்தல் அவர் இயல்பு. அந்நூலில், திருவுருவத்துக்குக் கண் எழுதும் சடங்கினை விரித்துரைக்கின்றார். நம் ஆகமங்கள் நயனோன்மீலனம் எனக் கூறுவதும் இதனோடு ஒப்பது. உளி பிடித்தவன் நோன்பிருந்து, தியானித்து, இறுதியிற் கண் திறக்கும் அந்நொடியிலேதான் கல் கடவுளாகின்றது. அதுகாறும் செய்த வேலைப்பாடு அனைத்தும் அந்நொடியை நோக்கியதே. அழகென்பது பொருளின்மேற் பின்னர்ப் பூசப்படுவதன்று. எந்தப் பயன் கருதி ஒன்று செய்யப்படுகின்றதோ, அப்பயனுக்குக் குறைவின்றி அமைதலே அதன் அழகு. இதுவே குமாரசுவாமி பின்னர் நாற்பதாண்டு காலம் பல்வேறு நூல்களிற் பலவாறு நிலைநாட்டிய கொள்கை.

சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருடைய அத்தை மக்கள், சைவத்தில் ஊறியவர்கள். இராமநாதர், தம் தந்தையார் கொழும்பில் எடுத்த பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கற் கோயிலாகப் புதுக்கிக் கட்டுவித்தார். இச்சுற்றத்தின் தொடர்பும், தமிழ்நாட்டுச் சித்தாந்த அறிஞர்தம் நூல்களும் குமாரசுவாமியைத் தில்லைக் கூத்தன் திருவடிக்கு அழைத்து வந்தன. சே. எம். நல்லசாமிப் பிள்ளை அவர்கள் சென்னையில் நடத்திவந்த சித்தாந்த தீபிகை இதழில், 1912-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சிவநடனம் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. 1918-இல் நியூயார்க்கு நகரில் அதே பெயரால் நூலாகவும் மலர்ந்தது. இன்று உலகின் எம்மூலையில் நடராசர் திருவுருவைக் கண்டு அதன் பொருளை ஒருவர் வினவினும், அவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் அக்கட்டுரையிலிருந்து ஊறியதாகவே இருக்கும்.

அப்பொருளை அவர் தம் கற்பனையாற் படைத்துக்கொள்ளவில்லை. திருவதிகை மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கத்தையும் திருமூலர் திருமந்திரத்தையும், பிறர் ஆங்கிலமாக்கியவற்றின் வழியே கற்று, அவற்றையே சான்றாகக் காட்டினார். துடியிற் படைப்பு, அமைத்த கரத்திற் காப்பு, அனலில் அழிப்பு, ஊன்றிய திருவடியில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள். இவ்வைந்தொழிலையும் அடியேன் இளமையில் திருமடத்திற் பாடங்கேட்டேன், நூலளவிற் கேட்டேன். அதே கருத்தினைச் செம்புத் திருமேனியின் ஒவ்வோர் உறுப்பிலும் வைத்துக் காணுமாறு குமாரசுவாமி கற்பித்தார். சிற்பி ஐந்தொழிலை எண்ணினான், எண்ணியது வடிவாயிற்று, வடிவு அழகாயிற்று. அழகை நாடி அவன் தனியே அலையவில்லை.

இவ்விடத்தில் நம் மாவட்டத்துக்கு உரிய பெருமை ஒன்றையும் கூறல் வேண்டும். பிரெஞ்சு நாட்டுப் பெருஞ்சிற்பி ரோதான், நடராசர் திருமேனியின் நிழற்படங்களைக் கண்டு வியந்து எழுதிய கட்டுரை, குமாரசுவாமி முதலியோர் எழுதியவற்றுடன் சேர்ந்து 1921-இல் நூலாக வெளிவந்தது. ரோதானை வியப்பித்த அத்திருமேனி, நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டிலிருந்து சென்னை அருங்காட்சியகம் சேர்ந்ததாகும். காரைக்கால் அம்மையார் கண்டு பாடிய இரத்தின சபைக் கூத்தனை மேலைநாட்டுச் சிற்பியும் கண்டு உருகினன் என்றால், உண்மை அழகுக்கு நாடும் மொழியும் எல்லையாகா என்பது தெளிவு.

கலைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதும் அவர் காட்டிய நெறி. 1916-இல் இராசபுத்திர ஓவியங்களைப் பற்றி ஈரடங்கல்களாகப் பெருநூல் எழுதினார். அடுத்த ஆண்டில், நந்திகேசுவரர் இயற்றிய அபிநய தர்ப்பணத்தைத் துக்கிராலா கோபாலகிருட்டிணையாவுடன் சேர்ந்து ஆங்கிலத்திற் பெயர்த்தார். நடனத்தின் கை முத்திரையே சிற்பத்தின் கை முத்திரை. ஓவியன் எழுதும் நிலையே ஆடுவோர் நிற்கும் நிலை. இவையனைத்தும் கூடி உறையும் இடம் திருக்கோயில்.

இனி, அவர் வாழ்வின் துயரப் பகுதியைக் கூறுவேன். பல்லாண்டு ஊர் ஊராய் அலைந்து திரட்டிய ஓவியங்களையும் திருவுருவங்களையும் இந்திய மக்களுக்கே உரிமையாக்க விரும்பினார். காசியில் ஒரு தேசியக் கலைக்கூடம் எழுமாயின் தம் தொகுதி முழுவதையும் அதற்கு அளிப்பதாக முன்வந்தார். கட்டடம் எழுப்பும் கொடையாளர் கிடைக்கவில்லை, அரசும் முன்வரவில்லை. முதல் உலகப் போர் மூண்டது. அடிமைப்பட்ட நாட்டின் மகன் ஆள்வோருக்காகப் படைக்கலம் ஏந்துதல் தகாது என அவர் மறுத்தமையால் இங்கிலாந்தில் வாழ்வதும் அரிதாயிற்று. 1917-இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் கலைக்கூடம் அவரை வரவேற்றது. அந்நாட்டுச் செல்வர் ஒருவர் அத்தொகுதியின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கி அக்கலைக்கூடத்துக்கே அளித்தார். நம் செல்வர் தவறவிட்டதை அயல்நாட்டுச் செல்வர் பற்றிக்கொண்டார். பின்னர் இறுதிவரை முப்பதாண்டுக் காலம் குமாரசுவாமி அங்கேயே பணிபுரிந்தார்.

அருங்காட்சியகத்தில் வாழ்ந்தும் அவர் அருங்காட்சியகத்துக்கு மயங்கவில்லை. வழிபடுவதற்காகச் செய்த திருவுருவத்தைக் கண்ணாடிப் பேழையில் நிறுத்தி, வடிவை மட்டும் நுகர்வது அதன் உயிரை விடுத்து உடலைப் போற்றுவதை ஒக்கும் என்பது அவர் கொள்கை. வெறும் புலனுணர்ச்சியைக் கிளர்விப்பதே கலையின் பயன் என்ற மேலைக் கருத்தை அவர் கடுமையாக மறுத்தார். இவ்வெச்சரிக்கையின் உண்மையைப் பிற்காலம் மெய்ப்பித்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசர் திருமேனி, கடல் கடந்து ஆத்திரேலிய நாட்டுக் கலைக்கூடத்தில் விலைபெற்று நின்று, 2014-இலேதான் நம் நாடு திரும்பிற்று. வழிபாடு குன்றிய கோயிலில் வடிவழகுக்கு மட்டும் விலை ஏறினால் விளைவது இதுவே.

கட்டடக் கலையிலும் அவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. 1930-ஐ அடுத்த ஆண்டுகளிற் பழைய இந்தியக் கட்டடங்களைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். பாரூத்து, சாஞ்சி முதலிய இடங்களின் புடைப்புச் சிற்பங்களை ஆராய்ந்து, கற்கோயிலின் உறுப்புக்கள் பலவும் மரத்தாலும் கூரையாலும் அமைந்த பழங்குடில்களிலிருந்து தோன்றியவை எனக் காட்டினார். விமானத்திற் காணும் கூடு, வளைந்த கூரையின் முகப்பே; சாலை என்னும் உறுப்பு நீண்ட கூரை வீடே. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தைக் காண்போர் இதனை நன்கு உணர்வர். அது கல்லில் வடித்த குடிலேயன்றி வேறன்று. இக்கடற்கரையில் நம் முன்னோர் பனையோலை வேய்ந்து வாழ்ந்த குடிலும் இறைவன் உறையும் விமானமும் ஒரு குடும்பத்தவை என்பது எத்துணை இன்பம் பயப்பது!

அவருடைய பிற்கால நூல்கள் வேதாந்தத்தையும் கிரேக்க ஞானியர் கொள்கையையும் கிறித்தவ ஞானியர் உரையையும் ஒருங்கு வைத்து ஆராய்வன. முப்பொருள் உண்மை பேசும் நம் சித்தாந்தத்துக்கு அவை முற்றும் இயைந்தன அல்ல. ஆயினும் கலையின் பயன் இறைவனை அடைதலே என்ற ஒன்றில் அவர் இறுதிவரை வழுவவில்லை.

1947-இல் எழுபது வயது நிரம்பிற்று. பணியினின்றும் நீங்கி, இந்தியா திரும்பி, இமயச் சாரலில் தவவாழ்வு வாழ எண்ணியிருந்தார். நாடு விடுதலை பெற்ற 25-ஆம் நாள், செப்டம்பர் 9-இல், அமெரிக்காவிலேயே இறையடி சேர்ந்தார்.

அன்பர்களே! தொடக்கத்திற் கூறிய வினாவுக்கு இவ்வரலாறே விடை. பழங்கல்லின்மேல் மணலைப் பாய்ச்சித் துலக்கினால் சிற்பத்தின் நுட்பமும் கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்தொழியும். தரையில் ஓடு பதித்து உயர்த்தினால் அதிட்டானமும் அதிலுள்ள முன்னோர் கொடைச் செய்தியும் புதையுண்ணும். சுதை வேலைக்குச் சுண்ணமும், கல்லுக்குக் கல்லும், சிற்பிக்கு உரிய காலமும் கூலியும் அளித்தலே அழகுக்கு அளிக்கும் கொடை. பெயர்ப்பலகை சிறிதாயினும் குற்றமில்லை.

இவ்வூர்ப் பரதவர் முன்னாளிற் கட்டிய கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். இன்று நாரிழைப் படகு அதன் இடத்தைப் பெருமளவிற் பிடித்துக்கொண்டது. ஆயினும், மரம் தேர்ந்து, செதுக்கி, கயிற்றாற் பிணைத்து, அலையை ஏறுதற்கென்றே அமைத்த அதில் வீணான உறுப்பு ஒன்றும் இல்லை. ஆதலின் அது அழகியதாயிற்று. அது கடல் கடக்கச் செய்த மரக்கலம். திருக்கோயில் பிறவிக்கடல் கடக்கச் செய்த மரக்கலம். அப்பயன் சிதையாமற் காத்துப் பேணும் பெருமக்களுக்குக் கூத்தப் பெருமான் தூக்கிய திருவடி துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்