மரியா கோப்பர்ட் மேயர்: இரண்டு போட்டான்களின் கணக்கு

அணுக்கருவின் கூடு அமைப்பை விளக்கியதற்காக 1963-இல் நோபெல் பரிசு பெற்றவர் என்றுதான் பாடநூல்கள் மரியா கோப்பர்ட் மேயரை அறிமுகப்படுத்துகின்றன. லேசர் கதிரை எழுதுகோலாகக் கொண்டு புரதத்தில் நுண்ணுருவங்களை அச்சிடும் ஆய்வுக்கூடங்களுக்கோ அவர் வேறொரு காரணத்தால் வேண்டியவர். அந்தக் கலைக்கு அடிப்படை, மாணவியாக இருந்தபோது அவர் போட்ட ஒரு கணக்கு.

1906 ஜூன் 28-இல், அன்று ஜெர்மனியில் இருந்து இன்று போலந்தில் இருக்கும் காட்டோவிட்ஸ் நகரில் பிறந்தார். தந்தை குழந்தை மருத்துவப் பேராசிரியர். அவருக்கு கோட்டிங்கனில் பதவி கிடைக்கவே மரியா அங்கு வளர்ந்தார். கணிதம் படிக்கச் சேர்ந்தவரைக் குவாண்டம் இயற்பியல் ஈர்த்துக்கொண்டது. மாக்ஸ் பார்ன் வழிகாட்டியானார்.

அணு ஒரு போட்டானை விழுங்கி மேல்நிலைக்குத் தாவும் என்பது அப்போது தெரிந்த செய்தி. தனித்தனியே போதிய ஆற்றல் இல்லாத இரண்டு போட்டான்கள் ஒரே கணத்தில் வந்தால் அணு இரண்டையும் சேர்த்து விழுங்கலாம் என்று 1930-இல் தம் ஆய்வேட்டில் கணக்கிட்டுக் காட்டினார் மரியா. ஆனால் அது எவ்வளவு அரிது! நல்ல வெயிலில் உள்ள ஒரு ரோடமைன் சாய மூலக்கூறு வினாடிக்கு ஒரு போட்டானை விழுங்கினால், இரண்டை ஒருசேர விழுங்க ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க வல்ல விளக்கு எவரிடமும் இல்லை. கணக்கு ஏட்டில் தங்கிவிட்டது.

அதே ஆண்டு அமெரிக்க வேதியியலர் ஜோசப் மேயரை மணந்து பால்டிமோர் சென்றார். கணவர் பணியாற்றும் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை தரக்கூடாது என்ற விதி ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குறுக்கே நின்றது. ஜெர்மன் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் சிறு உதவியாளர் வேலையும் ஒரு மூலையில் ஓர் அறையும் கிடைத்தன. பிறகு கொலம்பியாவிலும் சம்பளமில்லை. 1946-இல் சிகாகோவில் பேராசிரியர் என்ற பட்டம் வந்தது, ஊதியம் வரவில்லை; ஆர்கான் ஆய்வகத்தின் அரைநேர வேலைக்குத்தான் பணம். நோபெல் பரிசுக்குரிய ஆய்வை இந்த நிலையில்தான் செய்தார் என்பதை வாழ்க்கைக் குறிப்புகள் பல ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என்ரிகோ ஃபெர்மி போகிற போக்கில் கேட்ட ஒரு கேள்வியே அந்தப் புதிரை அவிழ்த்தது.

சம்பளத்துடன் கூடிய முழுநேரப் பேராசிரியர் பதவி 1960-இல், சான் டியேகோவில், ஐம்பது வயதைத் தாண்டிய பின்பே அமைந்தது. சென்ற சிறிது காலத்திலேயே பக்கவாதம் தாக்கியது. முதல் லேசர் ஒளிர்ந்ததும் அதே 1960-இல். அடுத்த ஆண்டே பெல் ஆய்வகத்தில் கைசரும் காரெட்டும் இரு போட்டான் விழுங்கலைக் கண்ணெதிரே காட்டினர்.

1972 பிப்ரவரி 20-இல் மரியா மறைந்தார். புரத அச்சு அதன்பின் வந்தது. புரதக் கரைசலில் ரோஸ் பெங்கால் போன்ற ஒளியுணர் சாயத்தைக் கலந்து, மிகக் குறுகிய லேசர் துடிப்புகளை உள்ளே ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். ஒளியின் செறிவு இருமடங்கானால் இரு போட்டான் விழுங்கல் நான்கு மடங்காகும். ஆகவே கதிர் செல்லும் வழியெல்லாம் கரைசல் அப்படியே இருக்க, குவிந்த புள்ளியில் மட்டும் சாயம் தூண்டப்பட்டு புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகின்றன. புள்ளியை நகர்த்தி நகர்த்தி வரைந்துவிட்டு மிச்சத்தைக் கழுவினால், சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாலான சாரம் நிற்கிறது. அதில் உயிரணுக்களை ஏற்றி வளர்த்து, அவை எப்படிப் பற்றுகின்றன, எத்திசையில் நகர்கின்றன என்று பார்க்கிறார்கள்.

எந்தச் சாயத்தைத் தேர்வது என்று முடிவு செய்ய, அது இரு போட்டான்களை விழுங்கும் திறனை அளப்பார்கள். அந்த அளவையின் அலகுக்குப் பெயர் கோப்பர்ட் மேயர்.