ஒரு முழங்காலும் இரண்டு விளையாட்டுகளும்

மட்டுநகரில் அருட்தந்தை வெபரின் பெயர் தாங்கிய மைதானத்தில் மாலை வேளைகளில் உதைபந்தாடும் பையன்களும், பருவம் மாறியதும் மட்டையைத் தூக்கும் பையன்களும் பெரும்பாலும் ஒருவரேதாம். பிள்ளைக்குப் பதினேழு வயதானதும், ஏதாவது ஒன்றைத் தெரிவு செய் என்று வீட்டார் சொல்லத் தொடங்குவர். அப்படித் தெரிவு செய்யாமலே இரண்டிலும் உச்சியைத் தொட்டவர் இங்கிலாந்தின் டெனிஸ் கொம்ப்டன். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

லண்டனைச் சேர்ந்த ஹெண்டனில் 1918 மே 23ஆந் திகதி பிறந்தார். தகப்பனார் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. பதினைந்து வயதில் லோர்ட்ஸ் மைதானத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த பையன், 1936இல் மிடில்செக்ஸ் அணிக்காக முதற் பருவத்திலேயே ஆயிரம் ஓட்டங்களைக் கடந்தார். குளிர்காலத்தில் ஆர்சனல் கழகத்தின் இடப்புற முன்வரிசையில் ஓடினார். 1938இல், இருபது வயதில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் சதம் அடித்தார். அதே ஆண்டில் உதைபந்தாட்டமொன்றில் எதிரணிக் கோல் காப்பாளருடன் மோதி முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டார். அப்போது அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

யுத்தம் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மோவ் இராணுவ முகாமில் இருந்தபடியே, சி. கே. நாயுடுவின் ஹோல்கார் அணிக்கு ஆடினார். 1945 ரஞ்சிக் கிண்ண இறுதியாட்டத்தில் பம்பாய் வைத்த இலக்கு 867 ஓட்டங்கள்! கொம்ப்டன் ஆட்டமிழக்காமல் 249 எடுத்தும் ஹோல்கார் தோற்றது.

1947ஆம் ஆண்டுக் கோடைகாலத்தைப் பற்றிச் சற்று நின்றுதான் சொல்லவேண்டும். யுத்தத்தில் இடிந்த வீடுகள், பங்கீட்டு அட்டை, பாணுக்கும் தட்டுப்பாடு. மனம் சோர்ந்திருந்த மக்கள் இவர் ஆட்டத்தைக் காணத் திரண்டனர். அந்த ஒரே பருவத்தில் 3,816 ஓட்டங்கள், 18 சதங்கள். இரண்டு சாதனைகளும் இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. இனி முறியடிக்கப்படப் போவதுமில்லை, ஏனெனில் இப்போது அத்தனை ஆட்டங்களே நடப்பதில்லை. மிடில்செக்ஸ் அவ்வாண்டு வெற்றிவாகை சூடியது. தொடர்ந்த குளிர்காலத்தில் ஆர்சனலும் லீக் கிண்ணத்தை வென்றது.

1950 ஏப்ரலில் வெம்ப்ளியில் லிவர்பூலை 2-0 என வென்ற ஆர்சனலில் அவரும், அண்ணன் லெஸ்லியும் ஆடினர். முதற் பாதியில் டெனிஸ் தடுமாறினார். இடைவேளையில் உள்ளே போன ஒரு கிளாஸ் மதுவே இரண்டாம் பாதியில் தன்னை ஓடவைத்தது என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். (இதை நம் பையன்கள் வாசிக்காதிருப்பது நல்லது.) அத்தோடு உதைபந்தாட்டத்துக்கு விடைகொடுத்தார்.

ஆனால் முழங்கால் விடைகொடுக்கவில்லை. சத்திர சிகிச்சைக்குப் பின் 1950-51இல் அவுஸ்திரேலியா சென்றவர், டெஸ்ட் ஆட்டங்களில் சராசரி எட்டு ஓட்டங்கள்கூட எடுக்க முடியாமல் தலைகுனிந்து திரும்பினார். மனிதர் ஓய்ந்துவிடவில்லை. 1953இல் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவை வென்று ஆஷஸை மீட்ட அந்த இறுதி அடி அவருடையதே. 1955இல் வைத்தியர்கள் முழங்காற் சில்லையே அகற்றிவிட்டனர். அந்த எலும்பு இன்று லோர்ட்ஸ் காப்பகத்தில் இருக்கிறது!

சில்லில்லாத காலோடு 1956இல் மீண்டும் அவுஸ்திரேலியாவைச் சந்தித்து 94 ஓட்டங்கள் எடுத்தார். மொத்தம் 78 டெஸ்ட் ஆட்டங்கள், 17 சதங்கள். உதைபந்தாட்டத்தில் யுத்தகாலச் சர்வதேச ஆட்டங்கள் பன்னிரண்டில் ஆடியும், அவை அதிகாரபூர்வமாகக் கணக்கிடப்படவில்லை.

1997 ஏப்ரல் 23, புனித ஜோர்ஜியார் திருநாளன்று, 78ஆவது வயதில் காலமானார்.