மொழியாசிரியர்க்கு நெறி வகுத்த கொமேனியஸ்

கல்வி என்னும் மாளிகைக்கு மொழியே வாயில். அவ்வாயிலின் புறத்தே நம் சமுதாயத்தார் நெடுங்காலம் நிறுத்தப்பட்டிருந்தனர். வடமொழி பயில விழைந்த அண்ணல் அம்பேத்கர், பள்ளியில் அதற்கு இடம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயில நேர்ந்த வரலாற்றை நாம் அறிவோம். இன்று வாயில் சட்டத்தால் திறந்திருக்கின்றது. எனினும், கற்பிக்கும் முறை அறியாத ஆசிரியர் கையில் அது மீண்டும் அடைபடுதல் கூடும். இவ்வுண்மையை ஏறத்தாழ 400 ஆண்டுகட்கு முன்னரே உணர்ந்து, மொழியாசிரியர்க்கு நெறி வகுத்த பெரியார் ஜான் ஆமோஸ் கொமேனியஸ். ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கு இப்பெயர் புதிதன்று. அன்னாரின் வாழ்வை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலர் வாயிலாக நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

கொமேனியஸ், இன்றைய செக் குடியரசின் பகுதியாகிய மொராவியாவில் 1592 மார்ச் 28-ஆம் நாள் பிறந்தார். இவர்தம் குடும்பம் சகோதரர் சபை என்னும் சிறுபான்மைக் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தது. சுமார் 12 வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். பொறுப்பேற்றோர் அவர் கல்வியில் கருத்துச் செலுத்தவில்லை. 16-ஆம் வயதிலேதான் பிரெரோவ் நகரின் இலத்தீன் பள்ளியில் சேரும் வாய்ப்புக் கிட்டிற்று.

அக்கால ஐரோப்பாவில் உயர்கல்வி அனைத்தும் இலத்தீன் மொழியிலேயே இருந்தது. அதனைக் கற்பித்த முறையோ கொடிது. பொருள் விளங்கா இலக்கண விதிகளை மாணவர் நெட்டுருச் செய்தனர். தவறியோர் பிரம்படி பட்டனர். ஆண்டுகள் பல கழிந்தும் நான்கு சொற்றொடர் பேச அறியாதார் பலர். காலந்தாழ்ந்து பள்ளி புகுந்த கொமேனியஸ், தம்மினும் இளைய சிறுவர்கள் படும் துன்பத்தை உணர்ந்து பார்க்கும் வயதினராய் இருந்தார். குறை மாணவர்தம் அறிவில் இல்லை, ஆசிரியர்தம் முறையில் உள்ளது என்பதே அவர் கண்ட முதல் உண்மை.

செருமானிய நாட்டில் உயர்கல்வி முடித்து 1614-இல் தாயகம் மீண்டவர், தாம் பயின்ற பிரெரோவ் பள்ளியிலேயே ஆசிரியரானார். பின்னர்ச் சமய குருவும் ஆனார். ஆயின், 1618-இல் மூண்ட முப்பதாண்டுப் போர் அவர் வாழ்வைச் சிதைத்தது. 1620-இல் வெள்ளைமலைப் போரில் அவர்தம் தரப்பு தோற்றது. அவர் தலைமறைவாக வாழ நேர்ந்தது. 1622-இல் கொள்ளைநோய்க்கு மனைவியையும் மக்கள் இருவரையும் பறிகொடுத்தார். 1628-இல் தம் சபையாருடன் போலந்தின் லெஷ்னோ நகருக்கு அகதியாய்ச் சென்றார். அதன்பின் தாய்மண்ணில் வாழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

நாடிழந்த அவ்வேழை ஆசிரியரே 1631-இல் மொழிகளின் திறந்த வாயில் என்னும் பொருள்படும் பெயரால் இலத்தீன் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். ஏறத்தாழ 8,000 சொற்களை 1,000 சொற்றொடர்களில் அமைத்து, 100 தலைப்புகளாக வகுத்திருந்தார். மாணவன் அறிந்த உலகப் பொருள்களைப் பற்றியே அத்தொடர்கள் பேசின. இலத்தீனோடு தாய்மொழியும் இணைத்து அச்சிடப்பட்ட அந்நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பரவியது. ஆயினும் தொடக்க நிலையினர்க்கு அது கடினம் எனக் கண்டதும், சுமார் 1,000 சொற்களில் முன்னிலை நூல் ஒன்றையும் ஆக்கித் தந்தார். மாணவன் ஏற இயலாவிடின் படியைத் தாழ்த்துவது ஆசிரியன் கடமை என்பதற்கு இது சான்று.

அவர் மொழியாசிரியர்க்கு வகுத்த நெறிகள் சிலவே. தாய்மொழி முதலில், பிறமொழி பின்னர். பொருளைக் காட்டிய பின்னரே சொல்லைக் கூறுதல் வேண்டும். எடுத்துக்காட்டு முன்னும் விதி பின்னுமாக வருதல் வேண்டும். பேசியும் எழுதியும் பழகுதலே மொழி கற்கும் வழி. அடியும் அச்சமும் கல்விக்குப் பகை. மாணவர்க்குப் பாடநூல் போன்றே, அதனைக் கையாளும் முறையைக் கூறும் வழிகாட்டி நூல் ஆசிரியர்க்கும் வேண்டும் என்றார். மொழியறிந்தார் எல்லாரும் மொழியாசிரியர் ஆகார் என்பது இதனால் விளங்கும். செல்வர் வறியர், ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி 6 முதல் 12 வயது வரை யாவர்க்கும் தாய்மொழிப் பள்ளி வேண்டும் என்று அவர் எழுதியது, நம் உள்ளத்தைத் தொடுவதாகும்.

இங்கிலாந்தும் சுவீடனும் அவரை அழைத்தன. சுவீடன் பள்ளிகளுக்காக மொழி கற்பிக்கும் முறை பற்றிய பெருநூல் ஒன்றை இயற்றினார். 1650 முதல் 1654 வரை அங்கேரியின் சாரோஸ்பட்டக் பள்ளியைச் சீரமைத்தார். ஏழு வகுப்புகள் திட்டமிட்டும் மூன்றே நடைபெற்றன. எனினும் பாடங்களை நாடகமாக்கி, அஞ்சிய மாணவரையும் மேடையில் பேசச் செய்தார்.

1656-இல் லெஷ்னோ நகர் போரில் எரிந்தது. 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் தொகுத்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப் படியும் சாம்பலாயிற்று. அப்போது அவருக்கு 64 வயது. ஆம்ஸ்டர்டாம் நகரில் அடைக்கலம் புகுந்த அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். 1657-இல் தம் கல்வி நூல்களைத் தொகுத்து வெளியிட்டார். 1658-இல், படங்களால் மொழி கற்பிக்கும் அவர்தம் புகழ்பெற்ற நூல் நியூரம்பர்க்கில் வெளிவந்தது. 150 பாடங்கள், படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அவ்வெண்ணுக்குரிய சொல் இலத்தீனிலும் செருமன் மொழியிலும். இன்று நம் சிறார் கையில் தவழும் படப் பாடநூல்களுக்கு அது முன்னோடி.

1670 நவம்பர் 15-ஆம் நாள் அவர் மறைந்தார். நார்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த மார்ச் 28-ஆம் நாளைச் செக் நாடும் சுலோவாக்கியாவும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றன. துரத்தப்பட்டவர் நினைவைத் தாயகமே போற்றுகின்றது.

இளைஞர்காள்! ஆங்கிலத்தில் தவறிய நம் வீட்டுப் பிள்ளையை அறிவிலி என்று ஒதுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. குடும்பத்தில் முதன்முதலாய்ப் பள்ளி செல்லும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தருவார் இலர். ஆசிரியரே அவனுக்கு எல்லாம். ஆதலின் நம் சமுதாயத்தில் பட்டம் பெற்றோர் பலர் முறையான பயிற்சி பெற்ற மொழியாசிரியர் ஆதல் வேண்டும். பயிற்சியைச் சான்றிதழுக்காக அன்றி, முறை அறிவதற்காகப் பெறுதல் வேண்டும். மாலை வேளையில் சிறுவர்க்குச் சொல்லித்தரும் தொண்டர்களும் பொருளைக் காட்டிச் சொல்லைக் கற்பித்து, பேசவைத்துப் பின்னர் விதி கூறுவாராக. பிள்ளை தவறும்போது அவனை நோக்கிக் கை ஓங்குமுன், நம் முறையை நாம் நோக்குவோமாக. கொமேனியஸ் திறந்த வாயில் நம் பிள்ளைகளுக்கும் திறப்பதாகுக.