சுப்பிரமணிய சிவா

சுப்பிரமணிய சிவா (அக்டோபர் 4, 1884 - ஜூலை 23, 1925) விடுதலைப் போராட்ட வீரர், எழுத்தாளர், இதழாசிரியர். மதுரை மாவட்டம் (இன்று திண்டுக்கல் மாவட்டம்) வத்தலக்குண்டில் பிறந்தார்.

சிறையும் நோயும்

1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரம்பிள்ளையுடன் கைது செய்யப்பட்டார். நீதிபதி பின்ஹே விதித்த 10 ஆண்டுத் தண்டனையை உயர்நீதிமன்றம் 6 ஆண்டுகளாகக் குறைத்தது. திருச்சி, சேலம் சிறைகளில் அடைக்கப்பட்டுக் கடும் உழைப்புக்கு ஆளானார். சிறையில் இருந்தபோதே தொழுநோய் கண்டது. ஆட்டு மயிரைத் துப்புரவு செய்யும் வேலையால் இந்நோய் வந்ததாகப் பலர் எழுதியுள்ளனர். ஆயினும் தொழுநோய் ஒரு நுண்ணுயிரியால் உண்டாவது. நார்வே மருத்துவர் ஆன்சென் இதனை 1873-லேயே கண்டறிந்திருந்தார். கிருமி புகுந்தபின் அறிகுறிகள் தோன்றப் பல ஆண்டுகள் ஆகலாம். எனவே வேலையைவிட, குறைந்த உணவும் நலிந்த உடலும் நோயை முற்றச் செய்தன எனக் கொள்வதே பொருத்தம். அக்காலத்தில் நீரடிமுத்து எண்ணெயே முதன்மை மருந்து. அதனால் முழுக்குணம் கிடைப்பது அரிது. பயனுள்ள சல்போன் மருந்துகள் 1940களில்தான் வந்தன.

விடுதலைக்குப் பின்

1912 நவம்பரில் விடுதலையானார். 1913-இல் ஞானபாநு இதழைத் தொடங்கினார். 1921-இல் மீண்டும் சிறை சென்றார். நோயைக் காரணம் காட்டி, அவர் தொடர்வண்டியில் செல்ல அரசு தடை விதித்தது. புண்கள் நிறைந்த உடலுடன் கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் பாரதமாதா கோயில் எழுப்ப விரும்பினார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். அவ்வூரிலேயே தமது 40-ஆம் வயதில் காலமானார்.