பொதிகை முடியில் ஒரு காந்த ஊசி

திருவனந்தபுரம் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் உள்ளது. அங்கு உழைத்தோருள் பலர் தமிழகத்திலிருந்து குடியேறியோர். அகத்தியர்கூடம் ஏறுவோர் இன்று இவ்வூரிலிருந்தே நடக்கத் தொடங்குகின்றனர். பொதிகை என்று தமிழர் போற்றும் அம்மலையின் உயரம் 1,868 மீட்டர். தாமிரபரணி பிறக்கும் அம்மலையில் 1855ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கூடம் எழுப்பியவர் ஜான் ஆலன் பிரவுன்.

இவர் 1817இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். அங்கே தாமஸ் பிரிஸ்பேன் என்பவரின் காந்த ஆய்வுக்கூடத்தை நடத்தித் தேர்ச்சி பெற்றார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம் அந்தப் பிரிஸ்பேனின் பெயரையே தாங்குகிறது. சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்திற்கு 1852இல் பிரவுன் இயக்குநராக வந்தார்.

மாணவர்களே, கடலோடிகள் செக்ஸ்டன்ட் என்னும் கைக்கருவியால் விண்மீனுக்கும் தொடுவானத்திற்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்தனர். பிரவுன் அளந்ததும் ஒரு கோணமே. காந்த ஊசி உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை. சற்றே விலகி நிற்கும். அவ்விலகலும் நாள்தோறும் சிறிது அசையும். ஒரு பாகையை அறுபது கூறாக்கினால், அவற்றுள் சில கூறுகளே அந்த அசைவு! திருவனந்தபுரம் நிலக்காந்த நடுக்கோட்டிற்கு அருகில் இருந்ததால் அங்கு எடுக்கும் அளவுகளை உலக அறிஞர்கள் பெரிதும் மதித்தனர்.

உயரம் கூடினால் ஊசியின் அசைவு மாறுமா? இவ்வினாவே அவரை மலைமேல் ஏற்றியது. யானைகள் உலவும் காட்டின் வழியே நுண்கருவிகளை மனிதர்களே சுமந்து சென்றனர். மேலே காற்றும் மழையும் குளிரும் வாட்டின. மலையிலும் நகரிலும் உள்ளூர் உதவியாளர்கள் மணிதோறும் அளவெடுத்தனர். பின்னர் வெளிவந்த நூலின் முகப்பில் பிரவுனின் பெயர் நிற்கிறது. நள்ளிரவிலும் விழித்திருந்து எண்களைக் குறித்த கைகளோ பல.

அந்த எண்கள் வீண்போகவில்லை. நிலக்காந்தத்தின் மாற்றங்கள் ஏறத்தாழ 26 நாளுக்கு ஒருமுறை மீண்டும் வருவதைப் பிரவுன் கண்டார். கதிரவன் தன்னைத்தானே சுற்றுவதே அதற்குக் காரணம் என்றும் கருதினார். எங்கோ எரியும் ஞாயிறு இங்குள்ள ஊசியை அசைக்கிறது என்பது அன்று துணிவான கருத்து.

திருவனந்தபுரம் அருங்காட்சியகம் உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவர் 1865இல் ஊர் திரும்பினார். மலையிலும் நகரிலும் எடுத்த அளவுகளை 1874இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இலண்டன் அரச கழகம் 1878இல் அவருக்குப் பதக்கம் வழங்கியது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

ஆளில்லாத மலைக்கூடத்தைக் காற்றும் மழையும் சிதைத்துவிட்டன. நகரத்து வானாய்வுக்கூடம் மட்டும் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இன்றும் நிற்கிறது.